தாத்தா நெய்த கோர்வைப் பட்டுப் புடவை வகையை நாங்கள் விற்கத் தொடங்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை (உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கும் பட்டுப் புடவை) நெய்தவர். அப்பா அரசு வேலைக்குப் போய்விட்டதால் எங்கள் வீட்டுத் தறி நின்றுபோனது. பெரியப்பா வீட்டில் இரண்டு தறிகள் இன்றும் ஓடுகின்றன. நானும், அக்காவும், அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து, அந்தத் தறிகளில் இறங்கும் புடவைகளை இணையவழியில் விற்க விரும்புகிறோம். பெரியப்பாவின் தறிகளை மட்டும் நம்பித் தொடங்குவதா, வெளியிலும் கொள்முதல் செய்வதா? எந்தெந்த முத்திரைகளைப் பெற வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்போம்.

பதில் 1

இரண்டு தறிகள் உங்களுக்குப் போதும். தொடக்கத்தில் அதற்கு மேல் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு பாவில் (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலில்) வழக்கமாக மூன்று புடவைகள் இறங்கும். பாவின் நிறத்தை முடிவு செய்துவிட்டால் மூன்றுக்கும் அதுதான் அடிப்படை என்பதால், ஊடையின் (குறுக்கே ஓடும் நூலின்) நிறத்தையும் முந்தானை வேலைப்பாட்டையும் மாற்றித்தான் வேறுபாடு காட்ட முடியும். பட்டு நூலிலும் ஜரிகையிலும் போட்ட பணம் அந்த மூன்றும் விற்கும்வரை முடங்கிக் கிடக்கும். எனவே, பாவு போடுவதற்கு முன்பே நிறங்களைப் பெரியப்பாவுடன் உட்கார்ந்து பேசுங்கள். எந்த நிறம் எந்தக் கரையோடு சேரும் என்பதில் அவருடைய கண்ணுக்கு உங்கள் கணினித் திரை ஈடாகாது.

கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருப்பதால் மூன்று நாடாக்கள் (ஊடை நூலைக் குறுக்கே கொண்டு செல்லும் கருவிகள்) ஓட வேண்டும். மறுபுறம் நாடா போடத் துணைக்கு ஓர் ஆள் தேவை. கோர்வை இல்லாத புடவையைவிட இது மெதுவாகவே நகரும். வாங்குபவர் "ஏன் இந்த விலை?" என்று கேட்டால், கரை சேரும் இடத்தைப் புடவையின் பின்புறத்தோடு சேர்த்து நெருக்கமாகப் படமெடுத்துக் காட்டுங்கள். பாவும் ஊடையும் வேறு நிறமாக உள்ள மயில்கழுத்துப் புடவைகளுக்கு நிழற்படம் மட்டும் போதாது. பகல் வெளிச்சத்தில் துணியை அசைத்துச் சிறிய காணொளி எடுத்தால்தான் உண்மை நிறம் தெரியும்; "படத்தில் பார்த்தது வேறு" என்று திரும்பி வருவதும் குறையும்.

பதில் 2

முத்திரைகளைப் பற்றி: ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குச் சான்று என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் சில்க் மார்க், இழை தூய பட்டு என்பதைச் சொல்லுமே தவிர, கையால் நெய்தது என்று சொல்லாது. அதற்கு மத்திய அரசின் டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி வழங்கும் கைத்தறி முத்திரை வேண்டும். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சென்னையில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஜரிகையின் தரத்தைச் சில்க் மார்க்கோ கைத்தறி முத்திரையோ உறுதி செய்வதில்லை. பட்டு இழையின்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகையா, வெறும் பளபளப்பு இழையா என்பதை நீங்களே ரசீதில் எழுதிக் கொடுங்கள். ஜரிகை வாங்கும்போதே சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

வெளியில் கொள்முதல் செய்ய நேர்ந்தால், விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் கலந்துவிடாமல் பாருங்கள். புடவை உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட வரையறைகளுடன் கைத்தறிக்கென ஒதுக்கியிருப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் குடும்பப் பெயரில் விற்கும்போது அந்தப் பொறுப்பும் உங்களுடையதே.

பதில் 3

குடும்பக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். மூவருக்கும் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத நிறுவனம் நிலுவைக்காக வெளியாரின் மீது வழக்குத் தொடுக்க முடியாது. பெரியப்பாவைப் பங்குதாரராகச் சேர்ப்பதா, கூலி கொடுப்பதா என்பதை இப்போதே தெளிவாக்குங்கள். "நம் பெரியப்பாதானே, விற்ற பிறகு கொடுக்கலாம்" என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். புடவை தறியிலிருந்து அறுத்த அன்றே கூலி அவர் கைக்குப் போக வேண்டும். நாடா போடும் துணையாளின் கூலியையும் அதே கணக்கில் தனியாகக் குறியுங்கள். வீட்டுப் பெண்களே அந்த வேலையைச் செய்யும்போது அது கணக்கில் வராமலேயே போய்விடுகிறது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியம்மாதான் இத்தனை காலமும் மறுபுற நாடாவைப் போட்டு வருகிறார். விலை போடும்போது அவருடைய கூலியையும் சேர்த்தே கணக்கிடுகிறோம். முதல் பாவுக்கான நிறங்களை இந்த வாரம் பெரியப்பா வீட்டில் பேசி முடிவு செய்ய இருக்கிறோம்.