இணைப்பிலிருந்து டொமைனைப் பிரிக்க ரீஜெக்ஸ் போதுமா?

புதுநிரலர்: லாக் கோப்பு ஒன்றில் உள்ள இணைப்புகளை டொமைன் வாரியாக எண்ணுகிறேன். இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் இடைப்பட்டதை ரீஜெக்ஸால் (எழுத்துகளின் வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் கோவை) வெட்டி, புள்ளிகளில் பிரித்து, கடைசி இரண்டு துண்டுகளை வைத்துக்கொள்கிறேன். இது போதுமா?

மரங்கொத்தி: போதும். இணைய முகவரிகளின் அமைப்பை வரையறுக்கும், 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 ஆவணமே தன் பின்னிணைப்பில் இதற்கென ஒரு ரீஜெக்ஸைத் தந்திருக்கும்போது, ஒரு வரியில் முடியும் வேலைக்கு லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) எதற்கு?

நுண்வலை: அந்த ரீஜெக்ஸ் தருவது அத்தாரிட்டி என்னும் முழுப் பகுதியை, அதற்குள் பயனர் பெயரும் போர்ட் எண்ணும்கூட இருக்கலாம். 'எச்டிடிபிஎஸ்://எக்ஸாம்பிள்.காம்@எக்ஸாம்பிள்.நெட்:8080/' என்ற இணைப்பு முதற்பார்வைக்கு எக்ஸாம்பிள்.காம் போலத் தோன்றினாலும், @ குறிக்கு முன்னுள்ளது பயனர் பெயரே என்பதால், பிரவுசர் போய்ச் சேருவது எக்ஸாம்பிள்.நெட் தளத்துக்கு. மோசடிக்காரர்களின் பழைய உத்தி இது. இணைப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் பைத்தானின் யூஆர்எல்ஸ்பிளிட் தரும் 'ஹோஸ்ட்நேம்' பயனர் பெயரையும் போர்ட் எண்ணையும் களைந்துவிடும், 'நெட்லாக்' களையாது.

மரங்கொத்தி: 'எச்டிடிபிஎஸ்://' என்ற முன்னொட்டின்றி 'எக்ஸாம்பிள்.காம்/பக்கம்' என்று கொடுத்துப் பாருங்கள்; உங்கள் யூஆர்எல்ஸ்பிளிட் முழுவதையும் பாதை என்று கொண்டு, ஹோஸ்ட்நேமை வெறுமையாக விட்டுவிடும். @ குறியையும் முக்காற்புள்ளியையும் என் ரீஜெக்ஸிலேயே கவனித்துக்கொள்ளலாம்.

நுண்வலை: முன்னொட்டைப் பற்றிச் சொன்னது சரி; இல்லாத இடத்தில் நாமே இரட்டைச் சாய்கோட்டைச் சேர்க்க வேண்டும். ஆனால் முக்காற்புள்ளியில் வெட்டினால், சதுர அடைப்புக்குள் வரும், தனக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் கொண்ட ஐபிவி6 எண் முகவரி சிதறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஹோஸ்ட், அதாவது தளத்தின் முழுப் பெயர், கிடைத்த பிறகும் பதிவு செய்யப்பட்ட டொமைன் எது என்பது புள்ளிகளை எண்ணித் தெரிவதில்லை. 'நியூஸ்.எக்ஸாம்பிள்.கோ.யுகே'யில் கடைசி இரண்டு துண்டுகள் 'கோ.யுகே', அது எவருடைய தளமும் அன்று. எந்தெந்தப் பின்னொட்டுகளின் கீழ் டொமைன்களைப் பதிவு செய்யலாம் என்று காட்டும், மொசில்லா தொடங்கிய பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் இதற்காகவே உள்ளது. டிஎல்டிஎக்ஸ்ட்ராக்ட் லைப்ரரி அதைப் பார்த்தே பிரிக்கிறது.

மரங்கொத்தி: இதற்கு ரீஜெக்ஸில் வழியில்லைதான். எனினும் அந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது. பழைய நகலை வைத்திருந்தால் விடை பிழைபடும். மேலும் பயனர்களின் பக்கங்களைத் தாங்கும் 'கிட்ஹப்.ஐஓ' அதன் தனியார் பிரிவில் உள்ளது; அப்பிரிவைச் சேர்த்தால் ஒவ்வொரு பயனரின் பக்கமும் தனி டொமைன், விட்டால் எல்லாம் ஒன்று. கேட்டவருக்கு எது வேண்டும்?

புதுநிரலர்: பக்கத்தை நடத்துபவர் வாரியாக எண்ண வேண்டும், ஆகவே தனியார் பிரிவையும் சேர்த்துக்கொள்கிறேன். என் கணக்கில் 'கோ.யுகே' முதலிடத்தில் நின்றதை ஏதோ பெரிய தளம் என்றே எண்ணியிருந்தேன்.