யோ-யோ நூல் நீளம்: கோத்தகிரிப் பிள்ளைகளுக்காக ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு யோ-யோ நூல் அளந்து வெட்டுகிறோம். யோ-யோவைத் தரையில் வைத்து நூலை நேராக இழுத்து, தொப்புள் மட்டத்தில் குறிக்கிறோம். முடிச்சுப் போட அந்தக் குறிக்கு மேலே 3 அங்குலம் விட்டு வெட்டி, முனையில் கண்ணி கட்டி, அதற்குள் நூலையே இழுத்தால் நடுவிரலுக்குச் சுருக்கு தயார். ஷூ போட்டு ஆடுகிறவர் ஷூவோடுதான் அளக்க வேண்டும். வெறுங்காலில் அளந்தால் நூல் குட்டையாகிவிடும்.

நீளம் கூடினால் யோ-யோ தரையில் இடிக்கும். குறைந்தால் நூலை மடித்துப் போடும் வித்தைகளுக்கு இடம் பத்தாது.

சிக்கல் பருத்தி நூலில்தான். பேரிங் இல்லாத, அச்சு சுழலாத யோ-யோவுக்கு அதுதான் சரி. பாலியஸ்டர் உராய்வுச் சூட்டில் உருகி அறுந்துவிடும். ஆனால் மஞ்சு இறங்கும் மாலைகளில் பருத்தி ஈரம் உறிஞ்சித் தடிக்கிறது, முறுக்கு இறுகி நீளமும் குறைகிறது.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஆடுகிறவர்கள் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் பருத்தி நூலை எவ்வளவு கூடுதலாக வெட்டுகிறீர்கள்? லூப்பிங் (யோ-யோவை முன்னால் வீசி, கையில் பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வித்தை) பழகும் பிள்ளைக்குத் தொப்புளுக்கு எத்தனை அங்குலம் கீழே நிறுத்தலாம்? பிள்ளையின் உயரத்தையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.