ஹைக்குவுக்குத் தேவை சொந்தச் செயலிகளா, இரவல் செயலிகளா?

வைகைக்கரை

ஹைக்கு இயங்குதளத்தின் செயலிக் கடையான ஹைக்குடிப்போவைத் திறந்து, நிறுவக் கிடைக்கும் செயலிகளின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிரிட்டா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், அப்புறம் கேடிஇ குடும்பத்துச் செயலிகள் வரிசையாக. எல்லாம் லினக்ஸ் உலகத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஹைக்குவுக்கென்றே எழுதப்பட்டவற்றைச் சல்லடை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஹைக்கு எது என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. ஆப்பிளிலிருந்து விலகிய ஜான் லூயி காசே 1990இல் தொடங்கிய பி நிறுவனம், பிஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 1996இல் ஆப்பிள் அதை வாங்கப் பேரம் பேசி, கடைசியில் நெக்ஸ்ட்டை வாங்கிக்கொண்டது. 2001இல் பி நிறுவனத்தின் சொத்துகள் 1.1 கோடி டாலருக்குப் பாம் நிறுவனத்திடம் போயின. அதே ஆண்டில் ஆர்வலர்கள் சிலர் பிஓஎஸ்ஸைத் திறமூலமாக முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள். அதுதான் ஹைக்கு. முதல் ஆல்ஃபா 2009இல், ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில். நிதானமானவர்கள்.

இத்தனை ஆண்டுப் பொறுமைக்குப் பிறகு, லினக்ஸில் இதைவிட நன்றாக ஓடும் அதே செயலிகளை இங்கே ஓட்டுவதா பெருமை? பெயர்ப்பு வேலையில் கரையும் நேரத்தில் பாதியைச் சொந்தச் செயலிகளுக்குக் கொடுத்திருந்தால் ஹைக்குவின் முகம் வேறாக இருந்திருக்கும்.

கருந்திரை

> பாதியைச் சொந்தச் செயலிகளுக்குக் கொடுத்திருந்தால்

யாருடைய நேரத்தை யார் எடுத்துக் கொடுப்பது, நண்பரே? இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். ஹைக்கு அமைப்பு 2021 முதல் ஒருவரை முழுநேரமாக வைத்திருக்கிறது. அவருக்குக் கர்னல், டிரைவர் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் மாலை நேரத் தொண்டர்கள். கியூடி (ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைந்து தரும் லைப்ரரித் தொகுப்பு) கொண்டு எழுதிய செயலி ஒன்றைப் பெயர்க்க, பெயர்ப்புகளுக்கான ஹைக்குபோர்ட்ஸ் திட்டத்தில் ஒரு ரெசிப்பி எழுதினால் போதும்: மூல நிரல் எங்கே கிடைக்கும், என்னென்ன லைப்ரரி தேவை, எப்படித் தொகுப்பது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். கிரிட்டாவுக்கு நிகரான ஓர் ஓவியச் செயலியை அடியிலிருந்து எழுத எத்தனை ஆண்டு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு கேள்வி. இந்தப் பதிவை எந்த உலாவியிலிருந்து எழுதினீர்கள்?

வைகைக்கரை

ஐஸ்வீசலிலிருந்து. பயர்பாக்ஸின் பெயர்ப்புதான், மறைக்கவில்லை. உலாவிக்கு மட்டும் விதிவிலக்குத் தருகிறேன். இன்றைய உலாவி எஞ்சினைத் தனியாக எழுதும் வலு பல பெரிய நிறுவனங்களுக்கே இல்லை. ஹைக்குவின் சொந்த உலாவியான வெப்பாசிட்டிவும் வெப்கிட் என்ற வெளி எஞ்சினை உள்ளே வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறது.

ஆனால் மின்னஞ்சல் செயலிக்கு என்ன சாக்கு? ஹைக்குவில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக் கோப்பு. அனுப்பியவர், பொருள், தேதி, படித்தாயிற்றா இல்லையா, எல்லாம் அந்தக் கோப்பின் பண்புகளாகக் கோப்பமைப்பிலேயே எழுதப்படுகின்றன. கோப்புகளைக் காட்டும் செயலியான டிராக்கரின் ஜன்னலில் அவற்றை நெடுவரிசைகளாக வைத்துப் பார்க்கலாம். 'படிக்காதவை, இன்னாரிடமிருந்து வந்தவை' என்று ஒரு தேடலைச் சேமித்துவைத்தால், புது அஞ்சல் வந்த நொடியில் அது அந்த ஜன்னலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். இதற்கென்று தனியாக எந்தச் செயலியும் ஓட வேண்டியதில்லை. இந்தக் கோப்பமைப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான டொமினிக் ஜியாம்பாவ்லோ பிறகு ஆப்பிளில் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தவர் என்பதைச் சொன்னால், இதன் தரம் புரியும்.

பெயர்த்து வந்த அஞ்சல் செயலி என்ன செய்கிறது? எல்லா அஞ்சலையும் தன் சொந்தத் தரவுத்தளத்தில் போட்டுப் பூட்டிக்கொள்கிறது. டிராக்கருக்கு அது வெறும் ஒரு பெரிய கோப்பு. அந்த நிமிடமே ஹைக்கு வெறும் ஜன்னல் வரையும் பலகையாகிவிடுகிறது.

பழையசரக்கு

பிஓஎஸ் நான்காம் பதிப்பு நாளிலிருந்து இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தம்பிகளா. அப்போது இது 'மொசில்லாவைக் கொண்டுவருவதா வேண்டாமா' என்ற வடிவத்தில் இருந்தது.

அன்றைக்குச் சொந்தச் செயலிகளுக்குக் குறைவில்லை. கிளாரிஸ்வொர்க்ஸ் எழுதியவர்களே பிரிந்து வந்து கோப் புரொடக்டிவ் என்ற அலுவலகத் தொகுப்பை எழுதினார்கள். 2000 ஜனவரியில் பி நிறுவனம் மேசைக் கணினியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இணையச் சாதனங்கள் பக்கம் திரும்புவதாக அறிவித்தது. செயலி எழுதியவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். மூடிய மூலமாக இருந்தவை அப்படியே நின்றுபோயின. இன்றைக்கு 32 பிட் ஹைக்குவில் அந்தக் காலத்து நிரல்கள் ஓடும். ஒரு வழுவைத் திருத்த மட்டும் முடியாது, மூலம் நம் கையில் இல்லை.

ஆகவே வைகைக்கரைக்கு ஒரு திருத்தம்: சொந்தச் செயலி என்பதே காப்பு ஆகிவிடாது. கருந்திரைக்கும் ஒன்று: பெயர்ப்பும் இலவசம் அல்ல. கியூடி ஒவ்வொரு பதிப்பு மாறும்போதும் யாரோ ஒருவர் ஒட்டுப்போட உட்கார வேண்டும். அவர் அலுத்துப் போய்விட்டால் பட்டியலில் பாதி படுத்துவிடும்.

கருந்திரை

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, ஆனால் அந்த 32 பிட் பொருத்தம்தான் கழுத்தில் கட்டிய கல். பிஓஎஸ் ஐந்தாம் பதிப்பின் நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதற்காக, 32 பிட் ஹைக்குவின் அடிப்படை லைப்ரரிகள் இன்றும் ஜிசிசி 2.95 கொண்டு தொகுக்கப்படுகின்றன. அது 1999இல் வந்த கம்பைலர், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி. சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரமான சி++ 11இல் வந்த வசதிகள் எதையும் அந்த லைப்ரரிகளில் தொட முடியாது. புதிய கம்பைலரில் தொகுத்தவை இன்னொரு அடுக்காக, பெயரின் வாலில் எக்ஸ்86 என்று ஒட்டிக்கொண்டு, பக்கத்திலேயே குடியிருக்கின்றன.

தலைப்புக் கோப்புகளைத் திறந்தால் இன்னொரு காட்சி. ஏறக்குறைய ஒவ்வொரு கிளாஸின் கடைசியிலும் 'ரிசர்வ்டு 1', 'ரிசர்வ்டு 2' என்று வேலையில்லாத விர்ச்சுவல் செயற்கூறுகள் வரிசை கட்டி நிற்கும். பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டிவந்தால், பழைய நிரல்கள் உடையாமல் இருக்க ஒதுக்கிவைத்த காலி இடங்கள். 1990களின் புத்திசாலித்தனம் அது. அதன் மேல் உட்கார்ந்து புதுச் செயலி எழுத எந்த இளைஞன் வருவான்?

புதுவரவு

நான் வருகிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, சி++ ஓரளவு தெரியும். எதில் தொடங்குவது, என்ன கருவி இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டையைப் பிறகு தொடரலாம்.

வைகைக்கரை

வாருங்கள் தம்பி. கம்பைலருக்கு அலைய வேண்டாம், நிறுவிய கையோடு இருக்கும். ஒருங்கிணைந்த மேம்பாட்டுச் சூழல் வேண்டுமென்றால் ஜீனியோ; கிளாங்டி என்ற உதவிக் கருவி வழியாக நிரல் நிரப்பல், பிழை சுட்டல் எல்லாம் உண்டு, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டும் உள்ளேயே இருக்கிறது. பிஓஎஸ் காலத்துப் பிஐடிஇ போல எளிமையாக வேண்டுமென்றால் பலாடின். சின்ன மாற்றங்களுக்கு கோடர் என்ற எழுத்துத்திருத்தி போதும்.

செயலி விழுந்தால் ஒரு பெட்டி எழும்பும்: முடித்துவிடவா, டிபக்கரில் திறக்கவா, அறிக்கையாகச் சேமிக்கவா என்று கேட்கும். அறிக்கையைத் தேர்ந்தெடுத்தால் எந்த இழை (செயலிக்குள் தனித்து ஓடும் ஒரு வேலை ஓட்டம்) எந்த வரியில் நின்றது என்ற விவரம் மேசைத்தளத்தில் ஓர் உரைக் கோப்பாக வந்து விழும். வழு அறிவிக்கும்போது அதை இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஹைக்குவில் ஒவ்வொரு ஜன்னலும் தனி இழையில் ஓடுகிறது. ஒரு ஜன்னல் கணக்குப் போட்டுத் திணறினாலும் அடுத்தது தொட்டவுடன் பதில் சொல்லும். ஹைக்குவின் சுறுசுறுப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரு ஜன்னலின் பொருளை வேறு இழையிலிருந்து தொட வேண்டுமானால் முதலில் பூட்ட வேண்டும். அ ஜன்னல் ஆ ஜன்னலைப் பூட்டக் காத்திருக்க, ஆ ஜன்னல் அ ஜன்னலுக்காகக் காத்திருக்க, இரண்டும் அப்படியே உறைந்துபோகும். பிழைச் செய்தியும் வராது. அதனால் நேரடியாகத் தொடாதீர்கள். பிமெசேஜ் என்ற செய்திப் பொதி ஒன்றை அனுப்பிவிட்டு நகருங்கள், அந்த ஜன்னல் தன் முறை வரும்போது பார்த்துக்கொள்ளும்.

கருந்திரை

தம்பி, அவர் சொல்லாமல் விட்டதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கியூடி போலவே இன்னொரு லைப்ரரித் தொகுப்பான ஜிடிகே போன்றவை எல்லா வரைதல் வேலையும் ஒரே முதன்மை இழையில் நடக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. அவற்றை இந்த ஊரில் குடியேற்ற, லினக்ஸ் திரைவரைவு முறையான வேலண்டுக்கு ஒரு பொருத்தப் படலம், அதற்கு முந்தைய முறையான எக்ஸின் சர்வரே இல்லாமல் அதன் எக்ஸ்லிப் லைப்ரரி அழைப்புகளை ஹைக்கு அழைப்புகளாக மாற்றித்தரும் இன்னொரு படலம் என்று எழுதினார்கள். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பீட்டாவில் இரண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. 'வெறும் பெயர்ப்பு' என்று உதடு பிதுக்குகிறீர்களே, ஹைக்குவின் உள்ளறிவு இல்லாமல் அதை எழுதியிருக்க முடியுமா?

வைகைக்கரை

திறமையை மறுக்கவில்லை, திசையைத்தான் கேட்கிறேன். ஹைக்குவில் 'ஹே' என்றொரு சிறு கட்டளை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எந்தச் சொந்தச் செயலியிடமும் அதன் ஜன்னல் எத்தனை, தலைப்பு என்ன, உள்ளே எந்தப் பொத்தான் எந்த நிலையில் என்று டெர்மினலிலிருந்தே கேட்கலாம், மாற்றலாம். செயலி எழுதியவர் இதற்காக ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். அடிப்படை கிளாஸ்களிலிருந்து தானாக வருவது. அதே கேள்வியைக் கியூடி செயலியிடம் கேட்டால் வெளி ஜன்னலோடு விசாரணை முடிந்துவிடும். பொத்தானைக் கியூடி தானே வரைகிறது, ஹைக்குவுக்கு அங்கே பொத்தான் இருப்பதே தெரியாது.

எழுத்தாணி

இருவரும் ஆங்கிலத்தில் மட்டும் கோப்புப் பெயர் வைப்பவர்கள் போலிருக்கிறது. 'செய்தி' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டு டிராக்கரில் பாருங்கள். ச முதலில் நிற்கும், அதற்குப் பின்னால் கொம்பு வரும். யூனிகோடில் சேமிப்பு வரிசை அதுதான். கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது எழுத்துகளை முறைப்படி கோத்துத் தரும் எஞ்சினின் வேலை. லினக்ஸில் ஹார்ஃப்பஸ் அதைச் செய்கிறது. ஜன்னல்களை வரையும் பின்னணி நிரலான ஹைக்குவின் திரைவரைவுச் சேவகன், ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரியிடம் எழுத்து எழுத்தாக வடிவம் வாங்கி, வந்த வரிசையில் அடுக்கிவிடுகிறது. அதே கோப்பைக் கியூடி செயலியில் திறங்கள். கியூடி தன் கூடவே ஹார்ஃப்பஸ்ஸைக் கொண்டுவந்திருப்பதால் தமிழ் ஒழுங்காக நிற்கும்.

ஆகத் தமிழில் எழுதுகிறவனுக்கு ஹைக்குவில் இன்று புழங்கத் தகுந்தவை இரவல் செயலிகள்தான். சொந்தச் செயலியின் மேன்மையை என்னிடம் சொல்பவர்கள் முதலில் கொம்பை இடம் மாற்றிவிட்டு வரட்டும்.

கருந்திரை

நன்றி, எழுத்தாணி. ஹார்ஃப்பஸ்ஸுக்கு சி++ 11 தேவை, அடிப்படையோ ஜிசிசி 2.95. நான் சொன்ன கல் இங்கேயும் தடுக்கிறது.

பழையசரக்கு

அவசரப்படாதீர்கள். ஹார்ஃப்பஸ்ஸின் உள்ளே சி++, ஆனால் வெளியிலிருந்து அழைக்கும் முகப்பு முழுக்க சி மொழி. 64 பிட்டில் எப்படியும் பழைய கம்பைலர் பேச்சே இல்லை. கம்பைலர் ஒரு தொல்லைதான், சுவர் அல்ல.

சுவர் வேறிடத்தில் இருக்கிறது. எழுத்துருவைக் கையாளும் பிஃபாண்ட் கிளாஸில் கெட்எஸ்கேப்மெண்ட்ஸ் என்ற செயற்கூறைப் பாருங்கள். ஒரு சரத்தையும் எழுத்துகளின் எண்ணிக்கையையும் கொடுத்தால், எழுத்துக்கு ஓர் அகலமாக ஒரு வரிசையைத் திருப்பித் தரும். 'ஓர் எழுத்து, ஓர் உருவம், ஓர் அகலம்' என்ற அனுமானம் அதன் வாய்ப்பாட்டிலேயே, அதாவது அதை அழைக்கும் வடிவத்திலேயே இருக்கிறது. தமிழில் 'கொ' என்ற ஒன்றுக்குத் திரையில் மூன்று துண்டுகள். 'க்ஷ'வில் மூன்று குறியீடுகள் சேர்ந்து ஒரே உருவம். இந்த வரிசையை நம்பித்தான் உரைப்பெட்டிக்கான பிடெக்ஸ்ட்வியூ கிளாஸ் கர்சரை நிறுத்துகிறது, வரியை மடிக்கிறது. திரைவரைவை மட்டும் திருத்தினால் பார்க்க அழகாக இருக்கும், கர்சரோ எங்கோ மிதக்கும்.

வைகைக்கரை

அப்படியென்றால் வேலை இரண்டு: வரைவுச் சேவகனில் ஹார்ஃப்பஸ், பிடெக்ஸ்ட்வியூவில் கொத்து (சேர்ந்து ஓர் எழுத்தாகும் குறியீடுகள்) அடிப்படையில் கர்சர் நகர்வு. கடினம்தான். ஆனால் அங்கே ஒருமுறை செய்தால் டிராக்கர், அஞ்சல், எழுத்துத்திருத்தி, நாளைக்குப் புதுவரவு எழுதப்போகும் செயலி, எல்லாவற்றுக்கும் தமிழ் ஒரே நாளில் வந்துவிடும். கூடவே தேவநாகரி, மலையாளம், தாய்லாந்து எழுத்து. இருநூறு கியூடி செயலிகளைப் பெயர்த்தாலும் டிராக்கரில் 'செய்தி' திருந்தாது.

கருந்திரை

அதுவரை நான் கியூடியில் தட்டச்சு செய்வேன். அடுத்த பீட்டாவுக்குள் பிடெக்ஸ்ட்வியூவை மாற்றியமைத்து ஏற்கவைத்துவிட்டால் என் ரெசிப்பிகளில் பாதியை நானே நிறுத்திக்கொள்கிறேன். ஏற்கமாட்டார்கள், ஹைக்குவின் முதல் முழுப் பதிப்பு வரும்வரை பழைய வாய்ப்பாட்டைத் தொடக் கூடாது என்பார்கள்.

புதுவரவு

பழைய செயற்கூறை அப்படியே விட்டுவிட்டு, கொத்து அகலம் தரும் புதியதை அந்த 'ரிசர்வ்டு' இடங்களில் ஒன்றில் வைக்க முடியாதா?

பழையசரக்கு

பிஃபாண்டில் அந்தச் செயற்கூறு விர்ச்சுவல் அல்ல, தம்பி. ரிசர்வ்டு இடமே செலவாகாது. புதுப் பெயரில் ஒன்றைச் சேர்த்தால் பழைய நிரல்களுக்கு ஒன்றும் ஆகாது. விர்ச்சுவல் சிக்கல் பிடெக்ஸ்ட்வியூ பக்கம் வரும்போது அந்தக் காலி இடங்களைப் பார்ப்போம். கருந்திரை கல் என்றாரே, அதற்குத்தான் அவை.

எழுத்தாணி

சோதனைச் சொற்கள் நான் தருகிறேன். செய்தி, கொடி, கோயில், பௌர்ணமி, லட்சுமி, பக்ஷி, ஸ்ரீ. இந்த ஏழு பெயர்களில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, டிராக்கரில் பெயர் மாற்றும்போது வலது அம்புக்குறியால் ஒவ்வொன்றையும் கடந்து பாருங்கள். கர்சர் எங்கே தடுக்குகிறது என்று திரைப்பிடிப்போடு போடுங்கள். 64 பிட், 32 பிட் இரண்டிலும் வேண்டும்.

புதுவரவு

64 பிட் இன்று இரவு. 32 பிட்டுக்குப் பழைய கணினி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

கருந்திரை

என்னிடம் இருக்கிறது. செய்து போடுகிறேன். வாதத்தில் தோற்றதாக யாரும் எழுத வேண்டாம்.