அரக்குப் பட்டு கட்டினேன், இடுப்பு சிவந்தது

சிங்கப்பூரில் பொம்மைக்கு நம் உடை உடுத்தி அலங்கரிக்கும் மூவர், அவரவர் பேட்டையின் பெயரில் சொன்னவை.

ஈசூன்:

என்னிடம் இருப்பது 60 சென்டிமீட்டர் உயர ரெசின் பொம்மை. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் உருண்டையும் குழியுமாகப் பொருந்தியிருக்கும். வெற்று உடம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் மொத்தத்தையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 1999-இல் சூப்பர் டால்ஃபி என்று விற்க ஆரம்பித்ததே, அந்த வகை. என்னுடையது வோக்ஸ் இல்லை, வேறொருவர் வைத்திருந்து விற்றது. விலையைக் கேட்காதீர்கள், அம்மாவிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு தீபாவளிக்கு, அம்மா தன் பழைய கல்யாணப் புடவை மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்ததில் நல்ல பாகமாக ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அரக்கு நிறம், ஒற்றை ஜரிகை. கட்டிவிட்டதும் எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது. அலமாரியில் நிறுத்தி வைத்து மூன்று வாரம் ரசித்தேன். நவம்பர் மழை, ஜன்னல் திறந்தபடி. அவிழ்த்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றி விரல் அகலத்துக்கு அரக்குப் பட்டை, தொடையில் திட்டுத்திட்டாக.

ரெசின் பார்க்கத்தான் பீங்கான் மாதிரி. துணிச்சாயத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். மெலமைன் பஞ்சை நனைத்துத் தேய்த்ததில் பாதி போனது. மீதியை முகக்கவசம் போட்டுக்கொண்டு, நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது, உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். வெயிலில் வைத்தால் கறை போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கறை போவதற்குள் பொம்மை மஞ்சளாகிவிடும்.

இப்போது எந்தத் துணியானாலும் முதலில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறேன். நாம் ஆசைப்படும் நிறங்கள்தான் முதலில் தோற்கும்: அரக்கு, பாசிப்பச்சை, கறுப்பு. உள்ளே வெள்ளைப் பருத்திப் பாவாடை கட்டாயம். படம் எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடுவேன்.

இன்னொரு விஷயம் அளவு. நம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் ஐந்தரை மீட்டர் புடவை இரண்டு மீட்டருக்குள் வரும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி, ஆனால் துணியின் தடிமன் மூன்றில் ஒரு பங்கு ஆகாதே! கொசுவம் வைத்தால் வயிற்றில் தலையணை கட்டிய மாதிரி நின்றது. ஒன்றரை மீட்டராகக் குறைத்து, நாலே மடிப்பு வைத்துத் தைத்துவிட்டேன். மல்மல், ஷிஃபான், மெல்லிய சுங்குடி இவைதான் சொன்னபடி கேட்கின்றன. பட்டு அடம்பிடிக்கும்.

ரவிக்கையை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். அளவுச் சீட்டைப் பார்த்து, “பாப்பாவுக்கு எத்தனை மாசம்?” என்றார். பையைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பொம்மையின் முழங்கையை மடக்கி, நீட்டி, திரும்ப மடக்கிப் பார்த்துவிட்டு, “கை இவ்வளவு மடங்கும்னா அக்குள்ல துணி கூடுதலா விடணும்” என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வெள்ளிதான் வாங்கினார்.

வளையல் போடுவது தனிக்கதை. மணிக்கட்டில் கை ஒரு கொக்கியில்தான் மாட்டியிருக்கிறது. கையைக் கழற்றி, வளையலை நுழைத்து, திரும்ப மாட்ட வேண்டும். முதல் தடவை கொக்கி விரலிலிருந்து நழுவி, எலாஸ்டிக் சர்ரென்று தோளுக்குள் ஓடிப்போனது. கம்பியை வளைத்து மீன் பிடிக்கிற மாதிரி ஒரு மணி நேரம். இப்போது கழற்றியவுடன் கொக்கிக்குள் ஒரு பென்சிலைச் செருகிவிடுகிறேன்.

ஜூரோங்:

சாயத்தை விடுங்கள், என்னைக் கவிழ்த்தது ஸ்டிக்கர் பொட்டு. நல்ல நாளும் அதுவுமாக நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று ஒட்டினேன். மறுநாள் பிய்த்தபோது புருவ நுனியும் பொட்டோடு வந்துவிட்டது. முகம் வரைந்து மேலே அடிக்கும் மேட் ஸ்ப்ரே ஒரு மெல்லிய படலம்தான், பசைக்கு அது எந்த மூலைக்கு? பாதிப் புருவத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழு முகத்தையும் அழித்து வரைய வேண்டியதாயிற்று. அதிலும் மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் முகத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் அடிக்கும் ஒரு நாளுக்காக டிசம்பர் முழுக்கக் காத்திருந்தேன். மொட்டை முகத்தோடு அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது பொட்டே கிடையாது, விக்கில் குத்திய நெற்றிச்சுட்டிதான். பின்பக்கம் சின்ன ஃபெல்ட் துணி, கீறக் கூடாதே.

பொங்கோல்:

என் பாட்டிக்கு 81 வயது. நவராத்திரிக் கொலுவுக்கு வருடாவருடம் மரப்பாச்சி ஜோடிக்கு அவர்தான் உடுத்திவிடுவார். போன வருடம் என் பொம்மைக்கு நான் ஊசி, பின் என்று திண்டாடுவதைப் பார்த்து, “தள்ளு” என்றார். மரப்பாச்சிக்குக் கை மரத்தோடு மரமாக ஒட்டியிருக்கும், அதனால் முந்தானையை முதலில் தைத்துக்கொண்டு பிறகுதான் இடுப்புக்கு வருவாராம். அந்த வரிசையில் கட்டினால் கொசுவம் கலையவே இல்லை. நான் இத்தனை நாள் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டி முடித்ததும் தற்செயலாகக் கையைப் பிடித்தவர், “இது மடங்குதே!” என்று சிரித்தார். உடனே இரண்டு கையையும் கூப்ப வைத்து, மரப்பாச்சிக்குப் பக்கத்தில் மூன்றாம் படியில் நிறுத்திவிட்டார். சுண்டலுக்கு வந்த பிள்ளைகளெல்லாம் சாமியை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் காலையில் பார்த்தால் கைகள் கீழே இறங்கியிருந்தன. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று பதறிப்போய் விளக்கைப் போட்டேன். பாட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் இறக்கிவிட்டேன். ராத்திரி முழுக்கக் கும்பிட்டா கை வலிக்காதா?”