டாங்கா தரையிறக்கம், 1914: பாளையங்கோட்டைப் படை பற்றிப் பலகையில் என்ன எழுதுவது?

தாமிரக்கரை கேட்டது:

பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயாராகிறது. பொருள்: 1914 நவம்பர் 2 முதல் 5 வரை ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் (இன்று தான்சானியா) பிரிட்டிஷ் இந்தியப் படை கரையிறங்கித் தோற்றது. அதில் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையும் இருந்தது. தேடினால் "தேனீ கொட்டியது, சிப்பாய்கள் ஓடினார்கள்" என்ற அளவில்தான் கிடைக்கிறது. தோல்விக்கு அதுதான் காரணமா? "நெல்லை வீரர்கள்" என்று தலைப்பு வைக்கலாமா? இறந்தவர்களின் பெயர்களை எங்கிருந்து எடுப்பது?

வரைபடப்பிரியன்:

தேனீ வந்தது உண்மை. அதற்கு முன்பே காரியம் கெட்டிருந்தது.

படை பம்பாயிலிருந்து அக்டோபர் 16-இல் கிளம்பியது. இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கப்பலிலேயே அடைபட்டு, கடல்நோயில் வாடிய ஆட்கள். சில பிரிவுகளுக்குப் புது ரகத் துப்பாக்கி கையில் வந்ததே கிளம்பும் சமயத்தில்தான். சுட்டுப் பழக நேரமில்லை. நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் போர்க்கப்பலின் கேப்டன் கால்ஃபீல்ட் முதலில் ஊருக்குள் தகவல் அனுப்பினார்: பழைய போர்நிறுத்த ஏற்பாடு செல்லாது, ஒரு மணி நேரத்தில் சரணடையுங்கள். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்றும் கேட்டார்! பிறகு இல்லாத கண்ணிவெடியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக் மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார். மோஷி-டாங்கா பாதை சுமார் 350 கி.மீ. தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் ஜெர்மானியருக்கு லாபம்.

இறங்கிய இடமும் மோசம். துறைமுகத்தை விட்டுவிட்டு, ஊருக்குக் கிழக்கே சுமார் 3 கி.மீ. தள்ளி ராஸ் கசோனே முனைப் பக்கம் இறங்கினார்கள். அலையாத்திச் சேறு, அதைத் தாண்டினால் மேடு, அதன்மேல் ரப்பர், சைசால் கற்றாழைத் தோட்டங்கள். பக்கத்துக் கம்பெனி எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. முன்கூட்டி வேவு பார்க்க யாரையும் அனுப்பவில்லை. 28-ஆவது மலைப் பீரங்கிப் படையைக் கரைக்கே கொண்டுவரவில்லை. கப்பல் தளத்தில் நின்றபடியே சுட்டது. இலக்கே தெரியாதபோது அந்தக் குண்டுகளால் என்ன பயன்?

4-ஆம் தேதி பெருந்தாக்குதல் நண்பகல் வெயிலில் தொடங்கியது. 63-உம் 13-ஆவது ராஜ்புத்தும் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தன. வரிசை அறுந்ததால் இடது ஓரத்தில் 101-ஆவது கிரெனேடியர் தனியாக மாட்டியது. லெட்டோ அந்தப் பக்கத்தைத்தான் சுற்றி வளைத்து அடித்தார். வலப்பக்கத்தில் லாயல் நார்த் லங்காஷயரும் காஷ்மீர் ரைஃபிள்ஸும் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். ஆனால் துணைக்கு ஆள் வரவில்லை.

தேனீ? மரக்கூடுகள் குண்டு பட்டுக் கலைந்தன. 98-ஆவது இன்ஃபன்ட்ரி நன்றாகக் கடி வாங்கியது. ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களையும் அது விடவில்லை. ஜெர்மானியர் திட்டமிட்டு ஏவினார்கள் என்பது அப்போதைய பத்திரிகைக் கதை.

பதக்கப்பெட்டி:

"நெல்லை வீரர்கள்" என்ற தலைப்பு வேண்டாம். 1903-இல் எண் மாற்றியபோது மதராஸ் படைகளின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 3-ஆவது மதராஸ் 63 ஆனது. "பாளையங்கோட்டை" என்பது பட்டாளத்தின் பட்டப்பெயர், சேர்ந்தவர்களின் சொந்த ஊர் இல்லை. மதராஸ் மாகாணத்தின் பல மாவட்டத்து ஆட்கள் அதில் இருந்தார்கள்.

பெயர்களுக்கு: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் "இந்தியப் படை" என்று தேர்ந்து, ரெஜிமென்ட் பெயரைக் கொடுத்து, தேதியை 1914 நவம்பர் 2 முதல் டிசம்பர் கடைசி வரை வையுங்கள். 5-ஆம் தேதியோடு நிறுத்தினால், காயம்பட்டுப் பிறகு இறந்தவர்கள் விட்டுப்போவார்கள். முடிவுகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கூடுதல் தகவல் கட்டத்தில் தந்தை பெயரும் ஊரும் பல பேருக்கு இருக்கும். ஊர்ப்பெயர் "டின்னவெல்லி", "டிரிச்சினாபோலி" என்ற பாணியில்தான் வரும். ஆள் பெயர் எழுத்துக்கூட்டல் இன்னும் தாறுமாறு. ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் ஒவ்வொரு சிப்பாய்க்கும் உரிய படை எண்ணை (சர்வீஸ் நம்பர்) வைத்துத் தேடுங்கள். பலகையில் ஆங்கிலப் பதிவில் உள்ளபடியும் போட்டு, கீழே தமிழிலும் போடுங்கள். "முதுசாமி" என்று இருப்பதை நீங்களாக முத்துசாமி ஆக்கிவிட்டால் அடுத்து வருபவருக்கு மூலத்தைப் பிடிக்க முடியாது.

யாராவது பதக்கம் கொண்டுவந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டாங்காவுக்குப் போனவருக்கு வருவது 1914-15 நட்சத்திரம். வெறும் 1914 நட்சத்திரம் பிரான்ஸ், பெல்ஜியம் போனவர்களுக்கு மட்டும். நட்சத்திரத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பின்பக்கம் இருக்கும். வட்டப் பதக்கங்களில் விளிம்பில். பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்த எழுத்து போய்விடும்.

காயல்மணி:

வரைபடப்பிரியன் சொன்னதோடு ஒன்று. மதராஸ் சிப்பாய்களைக் கேலி செய்யும் மேற்கோள்களில் பெரும்பகுதி உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பிலிருந்து வருபவை. அதை அவரே பிற்காலத்தில் திருத்தி எழுதினார் என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடம் பலமாக உண்டு. அருங்காட்சியகப் பறவை மாதிரிகளைத் திருடிப் பொய்ச்சீட்டு ஒட்டியதும் நிரூபணமான மனிதர். பலகையில் அவரை மேற்கோள் காட்டாதீர்கள். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள்.

அதே சமயம் 63 கலைந்ததை மறைக்கவும் வேண்டாம். என் யோசனை: "63-ஆவது படை சூட்டில் கலைந்தது" என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே, திட்டம் போட்ட ஜெனரல் எய்ட்கன் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார் என்று ஒரு வரி. இழப்பு: பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் 360, காயம் 487. விட்டுவிட்டு வந்தது 16 இயந்திரத் துப்பாக்கி, ஆறு லட்சம் தோட்டா. லெட்டோ அவற்றைத் தன் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்.

தாமிரக்கரை:

நன்றி. பலகை 4 அடிக்கு 3 அடிதான். 63-இன் பெயர்களை மட்டும் போட்டால் போதுமா?

பதக்கப்பெட்டி:

61-ஆவது பயனியர்ஸை விட்டுவிடாதீர்கள், அதுவும் மதராஸ் படைதான். சாலை போடவும் பள்ளம் வெட்டவும் பயிற்சி பெற்றவர்கள். 3-ஆம் தேதி விடியலில் 13-ஆவது ராஜ்புத்தோடு முதலில் தாக்கப் போனதே அவர்கள். இரண்டு படைக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். எழுத்து 18 புள்ளிக்குக் கீழே போனால் பிள்ளைகளால் நின்று படிக்க முடியாது. இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள், பெயரை வெட்டாதீர்கள்.