புதுப்பிப்பு: பிரிட்ஜ் பிக்கப் மாற்றியாகிவிட்டது

என் எலக்ட்ரிக் கிடாரோடு வந்த பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் இருந்து, அவற்றின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) கீச்சென்று கத்துகிறது, பதிலுக்கு எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பிக்கப்பின் உயரத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார் ஒருவர். காசில்லாத வேலை. கொஞ்சம் அடங்கியது, போதவில்லை. அப்புறம் பலரும் சொன்ன சீமர் டங்கன் கம்பெனியின் ஜேபி பிக்கப்பையே வாங்கினேன். என்னுடையது ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்து சுருதியை வளைக்கும் வகை, கம்பிகள் சற்று விலகி இருக்கும்) என்பதால் ஜேபியின் சாதாரண மாடலான எஸ்ஹெச்-4 அல்ல, காந்த முனைகளுக்கு இடையே அகலம் கூடிய டிபி-4. கம்பிகள் இப்போது முனைகளுக்கு நேர் மேலே ஓடுகின்றன.

எதிர்பாராதது ஒன்று. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலி மெலிந்து, தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல் இருந்தது. கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் வேறு கம்பெனி, இரண்டும் எதிரெதிர் ஃபேஸ், அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்கி ஒன்றையொன்று அழிக்கிறது. ஜேபியின் கறுப்பு, பச்சை ஒயர்களை இடம் மாற்றி சால்டர் செய்ததும் சரியானது. உறையில்லாத ஒயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். அதையும் சேர்த்து மாற்றிவிட்டு அரை மணி நேரம் இரைச்சலோடு மல்லுக்கட்டினேன்.

மிச்சமிருந்த கூர்மையைத் தீர்த்தது, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடையை (பாட்) 500 கிலோ ஓமுக்குப் பதில் 250 ஆகப் போடச் சொன்ன யோசனைதான். இரண்டு பிக்கப்புக்கும் ஒரே வால்யூம் குமிழ் என்பதால் நெக் பிக்கப் சற்று மந்தமாகிவிட்டது. பரவாயில்லை, அதை நான் அதிகம் தொடுவதில்லை.