மாடியில் பழைய டெஸ்க்டாப், கீழே ரவுட்டர்: எந்த வைஃபை அடாப்டர் வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். வீட்டில் கோர் 2 டுயோ டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. மாடி ரூமுக்கு மாத்தினதிலிருந்து நெட் இல்லை. கேபிள் இழுக்கச் சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். யூஎஸ்பி வைஃபை அடாப்டர் விலை கம்மியா எது நல்லது? பையன் ப்ராஜெக்ட் டைப் பண்ணுவான், யூடியூப் பார்ப்பான், அவ்வளவுதான்.

பதில் 1:
டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்725என் பாருங்க சார். நகம் சைஸ்தான் இருக்கும், விண்டோஸ் 7-க்கு டிரைவர் (அதை ஓட வைக்கிற சாஃப்ட்வேர்) உண்டு. அட்டையில் போட்டிருக்கிற 150 எம்பிபிஎஸ் முழுசா வராது. பாதி வந்தாலே யூடியூபுக்குத் தாராளம்.

பதில் 2:
அந்த 150 எம்பிபிஎஸ் மாடலெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும். உங்க ரவுட்டரில் 2.4 ஓடுதான்னு முதல்ல பாருங்க. வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தா சேராது, டபிள்யூபிஏ2 இருக்கணும். வைஃபை 6 அடாப்டர் பக்கமே போகாதீங்க, பெரும்பாலும் விண்டோஸ் 10, 11-க்குத்தான் டிரைவர் தர்றாங்க.

காசு போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஆண்ட்ராய்டு போனை 2.4 வைஃபையில் சேர்த்துட்டு, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க. டேட்டா போகிற கேபிளில் சிபியுவோட இணைச்சு யூஎஸ்பி டெதரிங் போடுங்க. போன் அந்த வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அங்கே சிக்னல் தேறுமான்னு செலவில்லாமல் தெரிஞ்சிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, நெட் வந்திடுச்சு! ஆனா போனை மேசைக்குக் கீழே சிபியு பின்னாடி வச்சா ஒரு கோடுதான், மேசை மேல வச்சா மூணு கோடு.

பதில் 2:
அப்போ அடாப்டரைப் பின்பக்கம் நேரா சொருகாதீங்க, கேபினெட் தகடு சிக்னலை மறைக்கும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி மேசை மேல கொண்டு வாங்க. உங்களுக்கு நகம் சைஸ் நானோவை விட வெளியே ஆன்டெனா வச்ச மாடல்தான் சரி. வாங்கும்போது பெட்டியில் விண்டோஸ் 7 பேர் இருக்கான்னு பாருங்க. டிரைவர் சிடியைப் போட சிடி டிரைவ் ஓடலைன்னா அதே டெதரிங்கில் டிரைவரை டவுன்லோடு பண்ணிக்கலாம்.

பதில் 3:
இதையும் யோசிங்க சார். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட இலவச செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோச்சு. அதில் பேங்க் வேலை எதுவும் வேண்டாம். பின்னாடி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போடற எண்ணம் இருந்தா ஏஆர்9271 சிப் உள்ள அடாப்டரா கேளுங்க, சொருகினதும் எடுத்துக்கும்.

கேட்டவர்:
ரவுட்டரில் 2.4 இருக்கு, டபிள்யூபிஏ2-தான். ஆன்டெனா மாடலும் எக்ஸ்டென்ஷனும் வாங்கறேன். லினக்ஸ் பத்திப் பையன்கிட்டே கேட்டுட்டு சிப்பை முடிவு பண்றேன்.